பேர் வெட்டிய டம்ளர்

பத்து விரலால் பிழைப்பவள் நான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். மனுவோ பத்திரமோ, கையில் கொடுத்தால் காபி ஆறுவதற்குள் அடித்து நீட்டிவிடுவேன். என் மகளுக்கு இப்போது எட்டு வயது. வலது கையில் நாலு விரலும் ஒருவழியாக வேலைக்கு வந்துவிட்டன. கட்டைவிரல் மட்டும் முக்கால்வாசிதான் விரியும். மீதிக் கால்வாசி எங்கே போனது என்று இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காததால் நானே சொல்கிறேன்.

2004 ஐப்பசி மழையில் பிறந்தாள். எட்டாம் மாதத்தில் கிலுகிலுப்பையை நீட்டினால் இடது கைதான் வரும். வலது கை மூடியே இருக்கும், கட்டைவிரல் மற்ற விரல்களுக்குள் மடங்கிக் கிடக்கும். காடாம்புலியூரிலிருந்து பலாப்பழத்தோடு வந்த என் நாத்தனார் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "லட்சுமிய கெட்டியாப் புடிச்சிருக்கா பாரு, விடுவாளா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

குழந்தை டாக்டர், சில பிள்ளைகள் தாமதமாகத்தான் கையைத் திறப்பார்கள், பார்ப்போம் என்றார். பார்த்தோம். பார்த்துக்கொண்டே இருந்ததில் மூன்று வயது ஆகிவிட்டது. வாய் மட்டும் வண்டி வண்டியாகப் பேசியது. நடை கொஞ்சம் சாய்ந்தது, கை மூடியபடியே இருந்தது. பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். பிறக்கும் முன்போ பிறக்கும்போதோ மூளையின் ஒரு பக்கத்தில் சின்ன அடி பட்டிருக்கிறது, அதனால் வலது காலிலும் கையிலும் இறுக்கம், புத்திக்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்னார்கள். எனக்குக் கடைசி வாக்கியம் மட்டும் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது.

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு பிசியோதெரப்பிஸ்ட் இருந்தார். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு. காலுக்குப் பயிற்சி கொடுத்தார். கையைக் காட்டியபோது தலையை ஆட்டினார்.

"காலை நான் பாத்துக்கறேம்மா. கைக்கு தனி ஆளு இருக்காங்க. டம்ளர் புடிக்கறது, பட்டன் போடறது, சாப்புடறது, எழுதறது, அதெல்லாம் சொல்லிக் குடுக்க ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட்னு பேரு. அஞ்சுல வளையாதது அம்பதுல வளையாதும்மா. ஒண்ணாங்கிளாஸ் போறதுக்குள்ள அந்தக் கட்டைவெரலை வெளிய கொண்டாந்துடணும். அப்பறம் தசை இறுகிப் போச்சுன்னா கஷ்டம்."

ஒரு துண்டுச் சீட்டில் அந்தப் பெயரை எழுதியும் கொடுத்தார். வழியில் இருந்த மெடிக்கல் ஷாப்பில், இப்படி ஒருத்தர் நம்ம ஊரில் இருக்கிறாரா என்று விசாரிக்கச் சீட்டை நீட்டினேன். கடைக்காரர் நான் பேசி முடிப்பதற்குள் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அலமாரி அலமாரியாகத் தேடிவிட்டு வந்து, "ஸ்டாக் இல்லம்மா, பாண்டில கெடைக்கும்" என்றார். வக்கீல் ஐயாவைக் கேட்டேன், சட்டத்தில் இல்லாத எதுவும் உலகத்திலும் இல்லை என்று நம்புகிறவர், "சென்னைக்குத்தாம்மா போவணும்" என்றார். தெருவில் ஒருத்தி எண்ணெய் சொன்னாள், இன்னொருத்தி கோயில் சொன்னாள். எண்ணெயும் தேய்த்தேன், கோயிலுக்கும் போனேன். விரல் அசையவில்லை.

அடுத்த வாரம் பிசியோவே சொன்னார். "இங்கயே இருக்காங்கம்மா, நான்தான் மறந்துட்டேன். தேவனாம்பட்டினத்துல, சுனாமிக்கு அப்பறம் ஒரு டிரஸ்ட்டு கொட்டாய் போட்டு நடத்தறாங்க. கை கால் அடிபட்டவுங்களுக்குன்னு ஆரம்பிச்சது, இப்ப புள்ளைங்களுக்கும் பாக்கறாங்க. செவ்வாக்கெழம தோறும் ஒரு தெரப்பிஸ்ட் வராங்க. எல்லாரும் போலாம்."

எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கால் மணி நேரம். இங்கே கதையை நிறுத்தியிருந்தால் நான் நல்ல தாய்.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் அவருக்கு எவர்சில்வர் பாத்திரக் கடை. அவர் அப்பா வைத்த கடை. சுனாமி வந்தபோது மகள் கைக்குழந்தை. தண்ணீர் எங்கள் பக்கம் வரவில்லை. கடைத்தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து எலுமிச்சை சாதம் பொட்டலம் கட்டி அனுப்பினார்கள். நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இலை மடித்தேன். என் வீட்டுக்காரர் தட்டும் டம்ளரும் மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய் தேவனாம்பட்டினத்தில் கொடுத்தார். மனசாரத்தான் கொடுத்தார், அதில் பழுது சொல்ல மாட்டேன். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் ராத்திரி முழுக்க ஆள் வைத்து ஒவ்வொன்றிலும் பேர் வெட்டினார். மாமனார் பேர், கடைப் பேர், கீழே அன்பளிப்பு. பேர் வெட்டாமல் எங்கள் ஊரில் ஒரு கரண்டிகூட வாசலைத் தாண்டாது. கல்யாணத்துக்கு வைத்துக் கொடுக்கும் குத்துவிளக்கு முதல் கோயில் உண்டியல் பக்கத்துச் சொம்பு வரைக்கும் யார் வீட்டு உபயம் என்று புள்ளி புள்ளியாக எழுதியிருக்கும். அவர் ஒரு பெண்மணிக்குத் தட்டு கொடுக்கும் போட்டோ இன்னும் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறது.

2008-ல் ஒரு செவ்வாய்க்கிழமை நாங்கள் மூவரும் அந்தக் கொட்டாய்க்குப் போனோம். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, வரிசையாகப் பாய். வெளியே படகுகளும் காயும் வலைகளும். உள்ளே அம்மாக்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். தெரப்பிஸ்ட் ஒரு பையனோடு வேலையாக இருந்தார். நோட்டு எழுதிக்கொண்டிருந்த பெண் என் மகளின் பேர், வயது, எந்தக் கை என்று கேட்டு எழுதிக்கொண்டாள். "செவ்வாக்கெழம பத்து மணிக்கு வந்துடுங்க. இந்த மூலைப் பாய் உங்க புள்ளைக்கு" என்று ஒரு பாயை உதறிப் போட்டாள். அவள் எழுதிய பக்கத்தின் தலைப்பில் 'பயனாளி பெயர்' என்று அச்சடித்திருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்ததும் முகம் சுண்டியது உண்மை.

"புள்ள பாலு குடிக்கட்டும்" என்று வேறொரு அம்மா ஒரு டம்ளரை நீட்டினாள். என் வீட்டுக்காரர் கை நீட்டி வாங்கினார். வாங்கியவர் டம்ளரை மெல்லத் திருப்பினார். பாத்திரக் கடைக்காரருக்கு அது பழக்கம், யார் வீட்டு டம்ளரையும் வெட்டிய பேரைப் பார்க்காமல் வைக்க மாட்டார். அவருடைய அப்பா பேர். அவருடைய கடைப் பேர். அன்பளிப்பு.

டம்ளரைத் தரையில் வைத்தார். "எழுந்திரு" என்றார் என்னிடம். நோட்டு எழுதுகிற பெண்ணிடம், "வண்டிய வெயில்ல நிறுத்திட்டேன், தோ வந்துடறோம்" என்றார். நானும் அவளைப் பார்த்துச் சிரித்து, "தோ வந்துடறோங்க" என்றேன். மகள் மட்டும், "பாலு?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வெடித்தார். "நாம குடுத்த எடத்துல போயி நாமளே வரிசையில உக்கார்றதா? எங்கப்பா பேரு வெட்டுன டம்ளர்ல எம்புள்ள தர்ம பாலு குடிக்கறதா? நாளைக்கு கடைத்தெருவுல எவன் மதிப்பான்?" சொன்னது அவர். ஆனால் தலையாட்டியது நான். அவர் மேல் மட்டும் பழி போட்டுவிட்டுத் தப்பிக்க எனக்கு ஆசைதான், முடியாது. பயனாளி என்ற சொல்லுக்கு நேராக என் பிள்ளையின் பேரைப் பார்த்தபோதே நான் பாதி எழுந்துவிட்டேன். மீதிப் பாதிக்கு அவர் எழுந்திரு என்றார், அவ்வளவுதான்.

அப்புறம் சிதம்பரம். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தெரப்பிஸ்ட் இருப்பதாகக் கேள்விப்பட்டு சனிக்கிழமை தோறும் போக ஆரம்பித்தோம். காலையில் பஸ் ஸ்டாண்டு, ஒன்றரை மணி நேரப் பயணம், ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் மகள் என் மடியில் தூங்கிவிடுவாள். சிதம்பரத்தில் எழுப்பி, முகம் துடைத்து, ஆட்டோ பிடித்து, காத்திருந்து, அரை மணி நேரம் பயிற்சி. திரும்பும்போது மறுபடியும் தூக்கம். அந்த அரை மணியில் பத்து நிமிஷம் தூக்கக் கலக்கத்திலேயே போய்விடும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, நாங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு அலைந்தோம்.

சிதம்பரத்துத் தெரப்பிஸ்ட் என் வயதுக்காரி. அதிர்ந்து பேச மாட்டார். முதல் நாளே மகளின் கட்டைவிரலை நீவிப் பார்த்துவிட்டு, "வாரம் ஒரு தடவை பத்தாதும்மா. அடிக்கடி பாக்கணும். கடலூர்ல, உங்க வீட்டுக்குக் கிட்ட யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

"யாருமே இல்லைங்க" என்றேன்.

நாக்கு கூசவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். கோர்ட்டு வாசலில் பொய்ச் சத்தியம் அடித்துக் கொடுத்துப் பழகியவள்தானே என்று பின்னால் நினைத்துக்கொண்டேன்.

அவர் சொல்லிக் கொடுத்ததெல்லாம் வீட்டுச் சாமான்தான். சப்பாத்தி மாவைப் பிசைய வைப்பது. அரிசியில் கொண்டைக்கடலையைப் போட்டு எடுக்க வைப்பது. துணி மாட்டும் கிளிப்பைத் தட்டின் விளிம்பில் மாட்ட வைப்பது. தினம் ஒரு மணி நேரம் இடது கையில் ஒரு சாக்ஸைப் போட்டுக் கட்டிவிடச் சொன்னார். "நல்ல கைக்கு லீவு விடுங்க, அப்பத்தான் இந்தக் கை வேலைக்கு வரும்." கட்டைவிரல் உள்ளே போகாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பட்டையும் செய்து கொடுத்தார். சனிக்கிழமை அங்கே எல்லாம் நடக்கும். மற்ற ஆறு நாளும் வீட்டில் நடக்காது. அவள் ஒரு கடலையை எடுக்க நாலு நிமிஷம் ஆகும். எனக்கு ஆபீஸுக்கு நேரமாகும். என் பத்து விரலும் சும்மா இருக்குமா? நானே பொறுக்கிப் போட்டுவிடுவேன், நானே பட்டன் போட்டுவிடுவேன், நானே ஊட்டிவிடுவேன். என் வீட்டுக்காரருக்கோ பொறுமை கிடையாது. மூடிய கையைப் பிடித்து விரல் விரலாக விரிப்பார், அவள் கத்துவாள். இதைப் பக்கத்திலிருந்து பார்த்துத் திருத்த ஒரு ஆள் வேண்டும் என்றுதான் அந்த அம்மாள் முதல் நாளே கேட்டது. நான்தான் யாருமே இல்லை என்றேனே.

பயிற்சி முடிந்ததும் கீழ வீதிப் பக்கம் ஒரு ஓட்டலில் இட்லியும் கொத்சும் சாப்பிடுவோம். மகள் இடது கையால் பிட்டுச் சாப்பிடுவாள். எதிரில் உட்காருகிற யாராவது ஒருத்தர் கட்டாயம், "சோத்துக் கையால சாப்புடச் சொல்லு தாயி" என்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "ஒங்க எலையப் பாத்து சாப்புடுங்க சார், கொத்சு வழியுது" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் என் காலை மிதித்தார். ஊருக்கெல்லாம் நாக்கு நீளும் எனக்கு, அந்த டம்ளர் விஷயத்தில் மட்டும் மடங்கிப் போயிருந்தது.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. நாலு விரல் மெல்ல மெல்லத் திறக்கப் பழகின, விட்டால் மறுபடி மூடிக்கொள்ளும். கட்டைவிரல் பாதிக்கு வந்து நின்றுவிட்டது. 2010 ஜூனில் ஒண்ணாங்கிளாஸ் சேர்த்தோம். எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்திருந்தாள். பஸ் போர்டு, கடைப் பலகை, சுவரொட்டி, எதையும் விடுவதில்லை. பென்சிலை இடது கையில்தான் பிடித்தாள். அதில் எனக்கு வருத்தமில்லை. பேப்பரைப் பிடிக்க வேண்டிய வலது கை அதன் மேல் கல் மாதிரி மூடிக் கிடந்ததுதான் வருத்தம்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை தெரப்பிஸ்ட் மகளைக் கிளிப் விளையாட விட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் வெளியே ஆட்டோக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் அடுத்த மாசத்துலேருந்து இங்க வரமாட்டேம்மா. தேவனாம்பட்டினத்துல ஒரு சென்டர் இருக்கு. அங்க பாத்துக்கிட்டிருந்தவங்க கல்யாணமாகிப் போறாங்க. நான் முழு நேரமா அங்க போறேன். இனிமே வாரம் பூரா உண்டு."

"அப்படிங்களா" என்றேன்.

"போன வாரம் போயி பழைய நோட்டெல்லாம் பாத்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "தப்பா நெனைக்காதீங்க. உங்க பொண்ணு பேரு அதுல இருக்கு."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஏதாவது திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நானும் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் மகளின் அந்த வாரப் பயிற்சியைச் சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்தார். "அடுத்த மாசம் மொத செவ்வாக்கெழமயே வந்துடுங்க. கட்டைவெரலுக்கு இன்னும் கொஞ்சம் டைம் இருக்கு. நெறைய இல்ல" என்றார்.

அன்றைக்குப் பஸ்ஸில் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புதுச்சத்திரம் வந்தபோது, "பாண்டில ஒருத்தர் இருக்காராம்" என்று ஆரம்பித்தார்.

எனக்கு வந்ததே கோபம். மடியில் மகள் தூங்குகிறாள் என்றும் பார்க்கவில்லை. "இன்னும் எத்தினி ஊருங்க? பாண்டி முடிஞ்சா சென்னையா? ஒங்கப்பா பேரு டம்ளர்ல பத்திரமா இருக்கு, யாரும் அழிக்கல. எம்புள்ள வெரல்தான் மடங்கிக்கிட்டே போவுது. நீங்க வராட்டி போங்க, நான் கூட்டிட்டுப் போறேன்." முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். கடலூரில் இறங்கும்போது மகளை என் வீட்டுக்காரர்தான் தோளில் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் முதல் செவ்வாய்க்கிழமை வக்கீலிடம் அரை நாள் லீவு சொன்னேன். மகள் பள்ளிக்கூடத்துக்கும் லீவு. ஸ்கூட்டரை எடுத்தது அவர்தான். மகள் முன்னால் நின்றுகொண்டு வழியெல்லாம் போர்டு படித்தாள். கொட்டாய் வாசலில் இறங்கியதும், "தெரப்பி எங்க?" என்று கேட்டாள். இதுதான் என்றேன். அவள் நம்பவில்லை.

உள்ளே அதே நோட்டுப் பெண். கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தாள். எங்களை அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததாக அவள் காட்டிக்கொள்ளவில்லை. சிதம்பரத்தில் பார்த்த அதே தெரப்பிஸ்ட் மகளைக் கூப்பிட்டு, ஒரு பெஞ்சின் மேல் பாதி தண்ணீர் ஊற்றிய டம்ளரை வைத்தார். இரண்டு கையாலும் பிடித்துத் தூக்க வேண்டும். மகள் டம்ளரைத் தொடுவதற்கு முன்னால் அதில் எழுத்து இருப்பதைப் பார்த்துவிட்டாள். சும்மா இருப்பாளா? புள்ளி எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். "அப்பா! நம்ம கடைப் பேருப்பா! நம்ம டம்ளரு!" என்று கொட்டாயே அதிரக் கத்தினாள். பக்கத்துப் பாயிலிருந்த பையன், "இது எங்க டம்ளரு" என்றான். இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஒரு செருப்போடு நின்றுவிட்டார். பிறகு உள்ளே வந்து, யாரும் சொல்லாமலே, மகளின் மூலைப் பாயில் உட்கார்ந்தார்.

டம்ளர் இரண்டு தடவை சாய்ந்தது. மூன்றாம் தடவை பெஞ்சிலிருந்து நாலு விரற்கடை மேலே எழும்பியது. தண்ணீரெல்லாம் சட்டையில். தெரப்பிஸ்ட், "போதும், நோட்டுல பேரை எழுதிட்டு வாங்க" என்று எங்களை அனுப்பினார்.

நோட்டுப் பெண் புதிதாக எழுதவில்லை. அலமாரியிலிருந்து பழைய தடிமனான நோட்டை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, எங்கள் முன்னால் விரித்தாள். "நம்பர் இருக்குல்ல, அதையே தொடர்ந்துக்கலாம்" என்றாள். என் மகளின் பேர். அதற்கு நேராக வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை.

"அம்மா, என் பேரு!" என்றாள் மகள். மூடிய வலது கையின் முட்டியை எழுத்தின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே படித்தாள். "வ… ர… வி… ல்… லை. வரவில்லை." அடுத்த கட்டம். "வரவில்லை." அடுத்தது. "இதுவும் வரவில்லை." பக்கம் முடியும் வரைக்கும் அதையே படித்தாள். பக்கத்தைத் திருப்பினால் அங்கேயும் இருந்தது.

"நாலு மாசம் அந்த மூலைப் பாயைப் போட்டு வச்சிருந்தோம்" என்றாள் நோட்டுப் பெண். குறையாகச் சொல்லவில்லை. "வண்டிய வெயில்ல நிறுத்திட்டோம், தோ வந்துடறோம்னு சொன்னீங்கல்ல, வருவீங்கன்னு ஒவ்வொரு வாரமும் பேரைக் கூப்புடுவேன்."

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் ஏம்மா வரல?"

என் வீட்டுக்காரர் பாயிலிருந்து எழவில்லை, தலையையும் தூக்கவில்லை. இனி ஒரு பொய் சொல்ல அந்த இடத்தில் முடியாது.

"நாங்க கூட்டியாரல பாப்பா" என்றேன்.

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வெயிலில் ஸ்கூட்டர் நின்றது. சற்று யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"ஏம்மா? இது கிட்டதானே இருக்கு. நான் தூங்கக்கூட இல்லையே."